பசியும் பொழுதும்: ஆங்கிலேயரின் பிற்பகல் தேநீர் வழக்கத்தின் தோற்றமும் சமூகப் பின்புலமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலேயரின் பிற்பகல் தேநீர் வழக்கம் 1840-ஐ ஒட்டிப் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியாவால் தொடங்கப்பட்டது என்பது பரவலாக வழங்கும் செய்தி. இக்கட்டுரை அச்செய்திக்குரிய சான்றுகளை மதிப்பிட்டு, ஒரு தனிமனிதரின் பசி ஒரு நாட்டின் வழக்கமாக மாறியதற்கு எவை காரணமாயின என ஆராய்கிறது. தேயிலை வரிக்குறைப்பு, முதன்மை உணவுவேளையின் நகர்வு, மேட்டுக்குடிப் பெண்களின் வீட்டுவெளி, பேரரசின் தோட்ட உற்பத்தி ஆகிய நான்கும் சேர்ந்தே இவ்வழக்கத்தை உருவாக்கின என்பது கட்டுரையின் கருத்து. தோற்றக்கதை முதல் மூன்றையும் ஓரளவு காட்டுகிறது. நான்காவதை முற்றிலும் மறைக்கிறது.

திறவுச்சொற்கள்: பிற்பகல் தேநீர், விக்டோரியா காலம், உணவுவேளை, ஹை டீ, சர்க்கரை, தோட்டத் தொழிலாளர்.

1. முன்னுரை

உணவு வழக்கங்கள் பலவற்றுக்கு ஒரு தோற்றக்கதை உண்டு. அக்கதையில் பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு நாளும் ஒரு தற்செயலும் இருக்கும். சீட்டாட்ட மேசையைவிட்டு எழ மனமில்லாத சாண்ட்விச் பிரபு ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்துத் தரச் சொன்னார் என்பது அத்தகையது. பிற்பகல் வேளையில் சோர்வுற்ற பெட்ஃபோர்டு சீமாட்டி தம் அறைக்குத் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவரச் சொன்னார், பின்னர்த் தோழியரையும் அழைத்தார், வழக்கம் பரவியது என்பதும் அத்தகையதே. இவ்வகைக் கதைகள் பொய்யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் ஒரு செயல் நிகழ்ந்தது என்பதும், அச்செயல் ஒரு வழக்கமாக நிலைபெற்றது என்பதும் இருவேறு வரலாற்று வினாக்கள். முதல் வினாவுக்கு ஒரு கடிதமோ நாட்குறிப்போ விடை தரலாம். இரண்டாம் வினாவுக்கு விலை, வரி, விளக்கு, வேலைநேரம், வணிகம், ஆட்சி ஆகியவற்றை நோக்க வேண்டும். இவ்விரு வினாக்களையும் பிரித்து அணுகுவதே இக்கட்டுரையின் முறை.

2. சீனப் பானம் இலண்டனை அடைதல்

தேயிலை ஐரோப்பாவை இரு பெயர்களோடு சென்றடைந்தது. மக்காவ் வழியாக வணிகம் செய்த போர்த்துகீசியர் ‘சா’ என்ற சொல்லைக் கொண்டுசென்றனர். ஃபூஜியன் கடற்கரை வணிகரோடு தொடர்பு கொண்ட டச்சுக்காரர் ‘தே’ என்ற சொல்லைக் கொண்டுசென்றனர். ஆங்கிலத்தின் ‘டீ’ இரண்டாம் வழியில் வந்தது. தமிழில் ‘தேயிலை’, ‘தேநீர்’ ஆகிய சொற்களின் முதற்கூறு இந்தத் ‘தே’ என்பதே. தென்மாவட்டப் பேச்சு வழக்கிலும் மலையாளத்திலும் உள்ள ‘சாயா’ முதற்சொல்லின் வழிப்பட்டது. ஒரு பொருளின் இரு வணிகப் பாதைகளும் தமிழில் இன்றும் அடையாளம் காணத்தக்கனவாக உள்ளன.

1658 செப்டம்பரில் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில், ஒரு காப்பிக்கடையில் இச்சீனப் பானம் கிடைக்கும் என்ற விளம்பரம் வெளியானது. 1660 செப்டம்பர் 25 அன்று, அதுவரை தாம் அருந்தியிராத இப்பானத்தைக் குடித்ததாகச் சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். 1662-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் போர்ச்சுகல் இளவரசி பிரகன்சாவின் கேத்தரினை மணந்தார். பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்த அதே இளவரசி, தேநீர் அருந்தும் பழக்கத்தையும் அரசவைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலேயரின் இந்தியக் குடியேற்ற வரலாறும் தேநீர் வரலாறும் ஒரே திருமணத்தில் சந்திப்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில் தேயிலை பெரும் விலை கொண்ட பொருள். அதனைப் பூட்டுள்ள சிறு பேழைகளில் வைத்து, திறவுகோலை வீட்டுத் தலைவி தம்மிடமே வைத்திருந்தார். இப்பேழைக்குரிய ஆங்கிலப் பெயரான ‘கேடி’, மலாய் மொழியின் ‘கட்டி’ என்ற எடையளவிலிருந்து வந்தது. பிற்காலப் பிற்பகல் தேநீரில் தேநீரை வார்க்கும் பணியைப் பணிப்பெண்ணிடம் விடாமல் வீட்டுத் தலைவியே செய்யும் மரபுக்கு இந்தத் திறவுகோல் ஒரு முன்வரலாறாக அமைகிறது. விலைமிகுந்த பொருளைக் காத்தவர் கையே அதனைப் பகிரும் கையாகவும் ஆயிற்று.

காப்பிக்கடை ஆண்களின் வெளியாக இருந்தது. தேநீரோ வீட்டுக்குள் அருந்தத்தக்கதாக இருந்தது. 1706-இல் ஸ்ட்ராண்டு பகுதியில் காப்பிக்கடை ஒன்றை வாங்கிய தாமஸ் ட்வைனிங், உலர்ந்த தேயிலையை வீட்டுக்கு வாங்கிச் செல்லும் வணிகத்தை வளர்த்தார். தேநீரைப் பெண்களோடும் வீட்டோடும் இணைத்துப் பார்க்கும் மனப்போக்கு இக்காலத்திலேயே வேர்கொண்டது.

3. வரியும் விலையும்

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தேயிலை மீதான வரி மிக உயர்வாக இருந்தது. அதன் விளைவாகக் கள்ளக்கடத்தல் ஒரு தொழிலாகவே நடைபெற்றது. வேற்றிலைகளைக் கலந்து விற்பதும் பரவியது. வில்லியம் பிட் தலைமை அமைச்சராக இருந்த 1784-இல் நிறைவேறிய மாற்றீட்டுச் சட்டம் 119 விழுக்காடாக இருந்த வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்தது. இழப்பை ஈடுசெய்யச் சாளர வரி உயர்த்தப்பட்டது. கடத்தல் பயனற்றதாகியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே சட்டவழி இறக்குமதி இருமடங்கைக் கடந்தது.

இதன் பிறகே தேநீர் எல்லா வகுப்பாரின் பானமாகும் நிலை உறுதிப்பட்டது. எதிர்ப்பும் உடன் எழுந்தது. வரிக்குறைப்புக்கு முன்பே, 1756-இல் ஜோனாஸ் ஹான்வே தேநீர் உடலையும் நாட்டின் உழைப்பையும் கெடுப்பதாக எழுதினார். ஓயாது தேநீர் அருந்தும் இயல்புடைய சாமுவேல் ஜான்சன் அதற்கு மறுப்புரைத்தார். 1820-களின் தொடக்கத்தில் வில்லியம் காபெட், உழைப்பாளி வீட்டில் வடித்த பீரின் இடத்தைத் தேநீர் பிடித்ததைக் கடுமையாகச் சாடினார். இவ்வெதிர்ப்புகளைக் கூர்ந்து நோக்கின் ஓர் ஒற்றுமை புலப்படும். செல்வர் தேநீர் அருந்துவது இவர்களுக்குப் பெரும் சிக்கலாகத் தோன்றவில்லை. ஏழை அருந்துவதே சிக்கலாகத் தோன்றியது. ஒரே பானம் ஒரு மேசையில் நாகரிகமாகவும் மற்றொரு மேசையில் ஊதாரித்தனமாகவும் காணப்பட்டது.

4. உணவுவேளை நகர்தல்

பிற்பகல் தேநீரின் தோற்றத்தை விளக்கும் முதன்மைக் காரணி ‘டின்னர்’ எனப்பட்ட முதன்மை உணவின் நேரமாற்றம். 17-ஆம் நூற்றாண்டில் நண்பகலை ஒட்டி உண்ணப்பட்ட இவ்வுணவு, 18-ஆம் நூற்றாண்டில் பிற்பகலுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரவு ஏழு, எட்டு மணிக்கும் நகர்ந்தது.

இந்நகர்வை ஜேன் ஆஸ்டினின் கடிதங்களிலும் புனைவிலும் தெளிவாகக் காணலாம். 1798-இல் ஸ்டீவன்டனில் அவர் குடும்பம் பிற்பகல் மூன்றரை மணிக்கு முதன்மை உணவு உண்டது. 1808-இல் அது ஐந்து மணிக்குச் சென்றுவிட்டதை மற்றொரு கடிதம் காட்டுகிறது. 1813-இல் வெளியான ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ புதினத்தில் செல்வர் தங்கும் நெதர்ஃபீல்டு மாளிகையில் இரவுணவு ஆறரை மணிக்கு நடைபெறுகிறது. பத்தாண்டு இடைவெளியில் ஒரே குடும்பத்தில் நேர்ந்த மாற்றமும், அதே காலத்தில் இரு வகுப்பாருக்கிடையே நிலவிய வேறுபாடும் இங்கு ஒருசேரப் புலப்படுகின்றன. தாமதமாக உண்பது உயர்குடியின் அடையாளமாக இருந்தது. விளக்குக்குச் செலவிட வசதியும், விடியற்காலையில் எழ வேண்டிய கட்டாயமின்மையும் உடையவர்களே இரவில் விருந்துண்ண முடியும். நடுத்தர வகுப்பு உயர்குடியைப் பின்பற்றத் தொடங்கியபோது உயர்குடி தன் நேரத்தை மேலும் பின்தள்ளியது.

ஆஸ்டின் காலத்தில் தேநீர், முதன்மை உணவுக்குப்பின் ஓரிரு மணிநேரம் கழித்து, ஆண்களும் பெண்களும் வரவேற்பறையில் கூடும்போது பரிமாறப்பட்டது. உணவு இரவுக்கு நகர்ந்தபோது காலையுணவுக்கும் இரவுணவுக்கும் இடையே நெடிய இடைவெளி தோன்றியது. ‘லஞ்சன்’ எனப்பட்ட எளிய நண்பகல் உணவு அதன் முற்பகுதியை நிரப்பியது. பிற்பகுதி வெறுமையாகவே இருந்தது. உணவுக்குப் பின்னே சென்ற தேநீர் உணவுக்கு முன்னே வந்து அவ்வெறுமையில் அமர்ந்தது. எனவே, பிற்பகல் தேநீரை ஒரு புதுப் படைப்பு எனக் கூறுவதைவிட ஓர் இடமாற்றம் எனக் கூறுவது பொருந்தும்.

பிற்பகலில் தேநீர் கொடுத்து உபசரிக்கும் வழக்கமும் முற்றிலும் புதியதன்று. 1763-இல் ஹாரோகேட் நீரூற்று நகருக்குச் சென்ற ஸ்காட்லாந்து மதகுரு அலெக்சாண்டர் கார்லைல், அங்குத் தங்கிய பெண்கள் முறைவைத்துப் பிற்பகல் தேநீரும் காப்பியும் அளித்ததைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார்.

5. பெட்ஃபோர்டு சீமாட்டி: சான்றும் கதையும்

அன்னா மரியா ரஸ்ஸல் (1783–1857) ஏழாம் பெட்ஃபோர்டு கோமகனின் மனைவி. 1837 முதல் 1841 வரை விக்டோரியா அரசியின் அந்தரங்கத் தோழியராகப் பணிபுரிந்த உயர்குடிப் பெண்களுள் ஒருவர். அவரைப் பிற்பகல் தேநீரோடு தொடர்புபடுத்தும் சான்றுகளுள் முதன்மையானது நடிகையும் எழுத்தாளருமான ஃபேனி கெம்பிளின் கூற்று. 1842-இல் ரட்லாண்டு கோமகனின் பெல்வோர் கோட்டையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது பெட்ஃபோர்டு சீமாட்டியின் அறைக்குத் தாம் மறைவாக அழைக்கப்பட்டதையும், அங்குச் சில பெண்கள் மட்டும் கூடிச் சீமாட்டியின் சொந்தக் கெண்டியில் தேநீர் தயாரித்து அருந்தியதையும் கெம்பிள் பதிவு செய்துள்ளார். பின்னாளில் எங்கும் பரவிய ஐந்து மணித் தேநீர், ஏறக்குறைய நாணத்தோடு நிகழ்ந்த இச்சிறு பழக்கத்தைவிடப் பழமையானதாக இருக்காது என்பது அவர் கருத்து.

இச்சான்றை மதிப்பிடுகையில் மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவதாக, கெம்பிளின் நூல் 1882-இல் வெளிவந்தது. பிற்பகல் தேநீர் நாடறிந்த வழக்கமான பின்னரே, அதன் தொடக்கத்தைத் தாம் கண்டதாக அவர் நினைவுகூர்கிறார். இரண்டாவதாக, அவர் கூறுவது தாம் முதன்முதலில் கண்ட நிகழ்வை; சீமாட்டியே இதனைக் கண்டறிந்தார் என்பதற்கு அது நேர்ச்சான்று ஆகாது. மூன்றாவதாக, அவர் சுட்டும் மறைவும் நாணமும் முக்கியமானவை. ஒரு விருந்தில் வீட்டுக்குரியவர் வகுத்த உணவு ஒழுங்குக்கு வெளியே, ஒரு விருந்தினர் தம் அறையில் தாமே தயாரித்து உண்பது ஒழுங்குமீறலாகக் கருதப்பட்டிருக்க வேண்டும். பின்னர் ஒழுங்கின் உச்சமாகக் கருதப்பட்ட ஒரு சடங்கு ஒழுங்குமீறலாகத் தொடங்கியது என்பதே இச்சான்றின் தனிமதிப்பு.

கெம்பிளைப் பற்றிய மற்றொரு செய்தியையும் இங்குச் சுட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நெல்லும் பருத்தியும் விளைந்த பெருந்தோட்டங்களின் உரிமையாளர் பியர்ஸ் பட்லரை அவர் மணந்திருந்தார். 1838–39 குளிர்காலத்தில் அத்தோட்டங்களில் தங்கி, அடிமைகளின் வாழ்வைத் தம் கண்ணால் கண்டு எழுதினார். அந்நாட்குறிப்பு 1863-இல் நூலாக வெளிவந்து அடிமைமுறைக்கு எதிரான முக்கிய ஆவணமாயிற்று. பிற்பகல் தேநீரின் முதற்சான்றாளரும் தோட்ட அடிமைமுறையின் சான்றாளரும் ஒருவரே. தேநீர் வரலாற்றை எழுதுவோர் முதற்குறிப்பை மேற்கோள் காட்டும் அளவுக்கு இரண்டாம் நூலை உடன்வைத்து நோக்குவதில்லை.

6. சடங்கும் ஒழுங்கும்

1860, 1870-களுக்குள் பிற்பகல் தேநீர் மறைவிலிருந்து வரவேற்பறைக்கு வந்தது. அது அன்றைய வருகைமுறையோடு இணைந்தது. உயர்குடி, நடுத்தர வகுப்புப் பெண்கள் பிற்பகலில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று சிறிது நேரம் அமர்ந்து திரும்புவது கடமையாக இருந்தது. குறித்த நாளில் தாம் வீட்டில் இருப்பதை முன்னறிவிக்கும் அட்டைகளை அனுப்பும் வழக்கமும் இருந்தது. தேநீர் அவ்வருகைக்கு உரிய உபசாரமாயிற்று. முழு விருந்துக்கு வேண்டிய சமையலும் பணியாளரும் இதற்குத் தேவையில்லை என்பதால் நடுத்தர வகுப்பினரும் எளிதில் மேற்கொள்ள முடிந்தது. மேட்டுக்குடியைப் பின்பற்றக் கிடைத்த வழிகளுள் செலவு குறைந்தது இதுவே எனலாம்.

பரிமாறப்பட்டவை மெல்லியனவும் சிறியனவும் ஆகும்: மெலிதாக அரிந்து வெண்ணெய் தடவிய ரொட்டி, ஓரம் நீக்கிய சாண்ட்விச், கேக், ஸ்கோன். பசியாற்றுவது நோக்கமன்று என்பதை அவற்றின் அளவே உணர்த்தியது. வெள்ளரிக்காய் சாண்ட்விச் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீர்ச்சத்து மிக்க காயை மெல்லிய ரொட்டியில் வைத்து உண்பதால் உழைப்பவர் வயிறு நிறையாது. வயிறு நிறைய வேண்டிய தேவை இல்லை என்பதே அவ்வுணவு அறிவிக்கும் செய்தி. 1895-இல் அரங்கேறிய ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகம் இச்சாண்ட்விச்சையும், சர்க்கரை வேண்டாம் என்றவருக்குச் சர்க்கரை இட்டுத் தரும் தேநீர்ச் சண்டையையும் நகைச்சுவையாக்கியது. ஒரு வழக்கம் அரங்கில் எள்ளப்படுவதற்கு அதன் ஒழுங்கு அவையோர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கலங்களுக்கும் தனி வரலாறு உண்டு. தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த பிடியில்லாக் கிண்ணங்களே பயன்பட்டன. 1740-களில் செல்சி, போ ஆகிய இடங்களில் ஆங்கிலப் பீங்கான் உற்பத்தி தொடங்கியது. எலும்புச் சாம்பல் கலந்த ‘போன் சைனா’ 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்போடு தொழிற்கூடத்தில் செம்மை பெற்றது. பாலை முதலில் ஊற்றுவதா, தேநீரை முதலில் ஊற்றுவதா என்ற வாதம் வகுப்பு அடையாளமாகவே மாறியது. 1946 ஜனவரியில் ஜார்ஜ் ஆர்வெல் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகளை வகுத்து ஒரு கட்டுரை எழுதினார். தேநீரை முதலில் ஊற்ற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஸ்கோன் மீது பாலேட்டை முதலில் பூசுவது டெவன் முறை, பழப்பாகை முதலில் பூசுவது கார்ன்வால் முறை என்ற பூசல் இன்றும் தொடர்கிறது.

ஆடையிலும் இவ்வழக்கம் தாக்கத்தை ஏற்படுத்தியது. 1870-களில் பரவிய ‘தேநீர் அங்கி’ இறுக்கமான இடைக்கச்சின்றி அணியத்தக்க தளர்வான ஆடை. வீட்டுக்குள், நெருங்கிய வட்டத்தில், உடலுக்குச் சற்று விடுதலை தரும் ஆடையோடு பெண்கள் பேசிக்கொண்ட இவ்வேளை ஆண்களின் மேற்பார்வை குறைந்த ஒரு வெளியாக இருந்தது.

7. ஹை டீ: மற்றொரு மேசை

பிற்பகல் தேநீரையும் ‘ஹை டீ’ என்பதையும் ஒன்றாகக் கருதும் வழக்கு இன்று பல நாடுகளில், குறிப்பாக விடுதி விளம்பரங்களில், காணப்படுகிறது. பெயரில் உள்ள ‘உயர்’ என்னும் அடை உயர்குடியைச் சுட்டுவதாகக் கொள்ளப்படுவதே இம்மயக்கத்துக்குக் காரணம். உண்மையில் ஹை டீ, வேலை முடிந்து வீடு திரும்பும் உழைப்பாளர் குடும்பத்தின் மாலையுணவு. குறிப்பாக வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இறைச்சி, மீன், பை, பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவற்றோடு கெட்டியான தேநீர் உணவுமேசையில் வைக்கப்பட்டது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் மாலையுணவையே ‘டீ’ என அழைக்கும் வழக்கு இதன் எச்சம்.

உழைப்பாளர் வீட்டில் தேநீரின் பணி வேறு. 1845-இல் வெளிவந்த தம் நூலில் ஃபிரெடெரிக் எங்கெல்ஸ், தேநீர்கூட இல்லாத வீடு கொடிய வறுமையின் வீடு என்று கருதப்பட்டதைக் காட்டுகிறார். தொழிற்சாலைக்கு நாள்முழுதும் சென்றுவந்த பெண்ணுக்குச் சமைக்க நேரமில்லை, எரிபொருளும் விலைமிகுந்தது. கொதிநீரில் இலையிட்டுச் சர்க்கரை சேர்த்தால் ஆறிய ரொட்டியும் சூடான உணவு போலத் தோன்றும். மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985-இல் வெளியிட்ட ‘ஸ்வீட்னஸ் அண்ட் பவர்’ நூல், சர்க்கரை கலந்த தேநீர் ஆங்கிலத் தொழிலாளரின் மலிவான ஆற்றல் மூலமாக மாறியதை விரிவாக நிறுவியது. ஆக, ஒரு வகுப்பாருக்கு இரு உணவுகளுக்கு இடைப்பட்ட பொழுதை நிரப்பிய தேநீர், மற்றொரு வகுப்பாருக்கு உணவின் குறையையே நிரப்பியது.

8. தேநீரகமும் பொதுவெளியும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேநீர் வீட்டைவிட்டு வெளியே வந்தது. ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் 1864-இல் இலண்டனில் தேநீரகம் ஒன்றைத் திறந்தது. லயன்ஸ் நிறுவனத்தின் முதல் தேநீரகம் 1894-இல் பிக்காடிலியில் தொடங்கியது. கிளாஸ்கோவில் கேட் கிரான்ஸ்டன் நடத்திய தேநீரகங்களுள் 1903-இல் திறந்த வில்லோ தேநீரகம், சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷின் கலையமைப்பால் புகழ்பெற்றது.

இவற்றின் சமூகப் பயன் பெரிது. மதுக்கடைக்கும் ஆண்களின் மன்றங்களுக்கும் செல்ல இயலாத நடுத்தர வகுப்புப் பெண், துணையின்றித் தனியே சென்று அமர்ந்து உண்ணத்தக்க மதிப்பான இடமாகத் தேநீரகம் அமைந்தது. கடைக்குச் செல்லும் பெண்களுக்கும், அலுவலகப் பணிக்கு வரத்தொடங்கிய பெண்களுக்கும் இது தேவையாக இருந்தது. பெண் வாக்குரிமைப் போராளிகள் இலண்டன் தேநீரகங்களில் கூடித் திட்டமிட்டனர். ஒழுங்கின் அடையாளமான தேநீர்க்கோப்பை இங்கு எதிர்ப்புக்கும் இடமளித்தது. மதுவிலக்கு இயக்கத்தாரும் 1830-கள் முதலே மதுவுக்கு மாற்றாகத் தேநீர்க் கூட்டங்களை நடத்தி வந்தனர் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

9. கோப்பைக்குள் வந்த இரு தோட்டங்கள்

ஆங்கிலத் தேநீரின் இரு உட்பொருள்கள், சர்க்கரையும் தேயிலையும், அன்று இங்கிலாந்தில் விளையாதவை. சர்க்கரை கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1791-இல் அடிமை வணிக ஒழிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றபோது, வில்லியம் ஃபாக்ஸின் துண்டறிக்கையை ஒட்டிச் சர்க்கரைப் புறக்கணிப்பு எழுந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் சர்க்கரையைத் துறந்ததாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமையற்ற பெண்கள் தம் தேநீர் மேசையை அரசியல் களமாக்கிய நிகழ்வு எனலாம். அடிமைமுறை 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின், மொரீஷியஸ் தொடங்கிப் பல கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். சென்னை மாகாணத்துத் தமிழரும் அவர்களுள் இருந்தனர்.

தேயிலையைப் பொறுத்தவரை, சீனாவுக்கு வெள்ளியாகத் தர வேண்டியிருந்த விலையை ஈடுசெய்ய வங்காளத்தில் விளைந்த அபின் பயன்பட்டது. அதன் விளைவான முதல் அபினிப் போர் 1839 முதல் 1842 வரை நடைபெற்றது. பெல்வோர் கோட்டையில் சீமாட்டியின் கெண்டி கொதித்த ஆண்டும் அப்போரின் இறுதி ஆண்டும் ஒன்றே. சீனாவைச் சாராது தேயிலை பெறும் முயற்சியாக 1834-இல் பென்டிங்க் பிரபு தேயிலைக் குழுவை அமைத்தார். 1839 ஜனவரியில் அசாம் தேயிலை இலண்டனில் முதன்முறையாக ஏலம் விடப்பட்டது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் அங்குக் காப்பித் தோட்டங்களை அழித்தபோது, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1880-களின் இறுதியில் பிரிட்டன் இறக்குமதியில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை விஞ்சியது. 1890-இல் இலங்கைக்குச் சென்று தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தேயிலையைச் சிறு பொட்டலங்களில் மலிவாக விற்றார். 1840-களில் ஒரு சீமாட்டியின் அறைக்குள் இருந்த பழக்கம் நூற்றாண்டின் இறுதியில் நடுத்தர வகுப்பு வீடெங்கும் பரவ இம்மலிவே வழிவகுத்தது.

இம்மலிவின் மறுபக்கம் கங்காணி முறை. முன்பணக் கடனால் கட்டுண்டு இலங்கை மலையகத்துக்கும் ஆனைமலைத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழ்க் குடும்பங்களின் உழைப்பு, குறிப்பாகக் கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பு, இலையின் விலையைத் தாழ்த்தி வைத்தது. இலங்கை மலையகத் தமிழருள் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’, பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ (தமிழில் ‘எரியும் பனிக்காடு’) ஆகியன இவ்வாழ்வின் இலக்கியப் பதிவுகள். பிற்பகல் ஐந்து மணி என்பது இங்கிலாந்தில் ஓய்வின் நேரம். தோட்டத்தில் அது பறித்த கொழுந்து எடைபோடப்பட்டு, அன்றைய கூலி முடிவாகும் பொழுதை ஒட்டிய நேரம். இரு நேரங்களும் ஒரே பொருளின் இரு முனைகள்.

10. போரும் அதன் பின்னும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூலையில் தேயிலை பங்கீட்டின்கீழ் வந்தது. ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்சு வழங்கப்பட்டது. இப்பங்கீடு 1952 அக்டோபரில்தான் நீங்கியது. போருக்குப் பின் வீட்டுப் பணியாளர் முறை தேய்ந்தது. பெண்கள் ஊதியப் பணிக்குச் சென்றனர். பிற்பகலில் வரவேற்பறையில் அமர்ந்திருக்க ஆளில்லை. அன்றாட வாழ்வில் தேநீர் ஒரு குவளையும் ஒரு பிஸ்கட்டுமாகச் சுருங்கியது. முழுச் சடங்கு நட்சத்திர விடுதிகளுக்கு இடம்பெயர்ந்தது. மூவடுக்குத் தட்டுகளில் அடியில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே இனிப்பு என்ற இன்றைய அமைப்பு சுற்றுலாப் பயணியர் விலைகொடுத்து நுகரும் காட்சியாகியுள்ளது. வீட்டில் மறைந்த பின்னரே அது தேசிய மரபு என்ற பெயரை முழுமையாகப் பெற்றது.

11. நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

பெட்ஃபோர்டு சீமாட்டி 1840-களின் தொடக்கத்தில் பிற்பகல் தேநீர் அருந்தியதற்குச் சான்று உண்டு. அவரே அதனைத் தோற்றுவித்தார் என்பதற்கு அச்சான்று போதாது.

முதன்மை உணவு இரவுக்கு நகர்ந்ததால் உணவுக்குப்பின் அருந்திய தேநீர் உணவுக்குமுன் வந்தது. வழக்கத்தின் அடிப்படை இதுவே.

பிற்பகல் தேநீரும் ஹை டீயும் வெவ்வேறு வகுப்பாரின் வெவ்வேறு தேவைகளிலிருந்து எழுந்தவை.

தேநீர் மேசை பெண்களை வீட்டு ஒழுங்குக்குள் நிறுத்தியது. சர்க்கரைப் புறக்கணிப்பிலும் வாக்குரிமைப் போராட்டத்திலும் அவ்வொழுங்கை மீறவும் இடமளித்தது.

வழக்கம் பரவக் காரணமான மலிவு, அடிமை உழைப்பாலும் ஒப்பந்தக் கூலி உழைப்பாலும் கங்காணி முறையாலும் கிடைத்தது.

தேநீர் வரலாறு ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒழுக்கநூல்கள், கடிதங்கள், கலங்கள் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்படுகிறது. தோட்ட வரலாறு தமிழில் புனைவுகள், வாய்மொழிப் பாடல்கள், தொழிற்சங்க ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்படுகிறது. இவ்விரு சான்றுத் தொகுதிகளும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை. ஒரே இலையைப் பற்றியவை. இவற்றை ஒருங்குவைத்து ஒப்பாய்வு செய்யும் களம் விரிந்து கிடக்கிறது. இரு மொழிச் சான்றுகளையும் மூலத்திலேயே படிக்க வல்ல தமிழாய்வாளர்க்கு அது உரியது.